கோளத்துக்குள் பூசிய வெள்ளை

தண்ணீர் ஒளிராது. இதைச் சொல்ல யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. ஆனால் எண்பதுகளின் நடுவில், நான்கு மாதம் முழுக்க, செம்பூரைத் தாண்டி இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தின் இருட்டறையில், வெறும் காய்ச்சி வடித்த தண்ணீர் என் படிகங்களைவிட அதிகமாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. கருவி அப்படித்தான் சொன்னது. காகிதச் சுருளில் சிவப்புப் பேனா கோடு இழுக்கும். தண்ணீருக்கு உயரமான கோடு, படிகத்துக்கு அதைவிடக் குட்டையான கோடு. தினமும் பார்த்தேன். தினமும் அந்தப் பேனாவைப் பிடுங்கி ஒடித்துப் போட வேண்டும் போல இருந்தது.

என் வேலை காட்மியம் சல்பைடு. சாதாரணமாக அது மஞ்சள் பொடி, பெயின்ட்டில் போடுவது. தண்ணீருக்குள்ளேயே அதை உண்டாக்கி, வளர விடாமல் பாதியில் நிறுத்திவிட்டால் கண்ணுக்கே தெரியாத துகள்களாக நின்றுவிடும். கரைசலைப் பார்த்தால் அதிகம் தண்ணீர் விட்ட எலுமிச்சை ஜூஸ் மாதிரி இருக்கும். அதன்மேல் புற ஊதா விளக்கைக் காட்டினால் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். நானோ என்ற சொல் இன்று சோப்பு விளம்பரத்தில்கூட வருகிறது. அன்று எங்களுக்கு அந்தச் சொல் பழக்கமில்லை. கொலாய்டு என்று சொல்லிக்கொள்வோம். அதைச் செய்ய ஒரு வாயுவைக் கரைசலில் விட வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்த நாற்றத்தோடு குர்லாவில் ஹார்பர் லைன் ரயிலிலிருந்து மெயின் லைன் ரயிலுக்கு மாறும்போது கூட்டம் எனக்குத் தானாக வழிவிடும். அந்த ஆராய்ச்சியால் எனக்குக் கிடைத்த ஒரே சௌகரியம் அதுதான்.

கேள்வி ஒன்றுதான். நூறு துளி ஒளியை இந்தத் துகள்கள் விழுங்கினால், எத்தனை துளியைத் திருப்பித் தருகின்றன? மிச்சமெல்லாம் வெறும் சூடாகப் போய்விடும். அந்த எண்தான் ஒளிர்வுத் திறன். கேட்க எளிது. அளக்கப் போனால் உயிரை எடுக்கும்.

என் உதவித்தொகைக் காலம் முடிந்துபோயிருந்தது. வழிகாட்டியான பேராசிரியை கமிட்டியிடம் பேசி, மார்ச் கடைசி வரை நீட்டித்து வாங்கியிருந்தார். இந்த எண் கிடைத்தால் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் முடியும். கிடைக்காவிட்டால் ஐந்து வருடப் படிப்பும் பாதியில் நிற்கும். விக்ரோலியில் ஒரு பெயின்ட் கம்பெனியில், டப்பாவில் இருக்கும் நிறமும் அட்டையில் இருக்கும் நிறமும் ஒன்றுதானா என்று நாள் முழுக்க ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை எனக்காகக் காத்திருந்தது. மோசமான வேலை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்காக நான் ஐந்து வருடம் படிக்கவில்லை.

படிகம் எல்லாத் திசையிலும் ஒளிரும். ஒரு பக்கம் மட்டும் கருவியை வைத்தால் கொஞ்சம்தான் கிடைக்கும். அதனால் உள்ளே வெள்ளை பூசிய, பந்து போன்ற ஒரு வெற்றுக் கோளத்துக்குள் கண்ணாடிக் குப்பியை வைப்பார்கள். எந்தப் பக்கம் போன ஒளியும் சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பி, கோளம் முழுக்க ஒரே சீராகப் பரவிவிடும். ஓர் ஓட்டை வழியாக விளக்கை உள்ளே விட்டு, இன்னோர் ஓட்டையில் ஒளியை அளக்கும் குழாயைப் பொருத்த வேண்டும். குழாய்க்கு முன்னால் ஒரு வடிகட்டிக் கண்ணாடி இருக்கும். அது புற ஊதாவைத் தடுத்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் விடும். முதலில் தண்ணீர்க் குப்பி, பிறகு படிகக் குப்பி. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் படிகம் தந்த ஒளி. இதில் தவறு செய்ய என்ன இருக்கிறது?

வெளிநாட்டுக் கோளம் வாங்க வேண்டுமென்றால் இறக்குமதி லைசென்ஸ், அனுமதி என்று இரண்டு வருடம் ஆகும். பேராசிரியை கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது நான்தான் வாயைக் கொடுத்தேன். இங்கேயே செய்துவிடலாம், எனக்குத் தெரிந்த இடம் இருக்கிறது என்றேன். எங்கே என்று கேட்டார். சயான் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப் என்று சொன்னேன்.

அது சயான் இல்லை, தாராவி. தெரிந்த இடம் என்பதும் பாதி உண்மைதான். அது என் அக்காவின் கணவருடைய பட்டறை. அதற்கு மேலே ஏணி போட்ட பலகைத் தட்டில்தான் நான் பத்து வருடமாகத் தூங்கி எழுந்து படித்தேன். பகலில் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் நான் சயான்காரன். சட்டைக் காலரைக் கஞ்சி போட்டு நிறுத்தத் தெரிந்த தாராவிக்காரன் யாரைக் கேட்டாலும் சயான் என்றுதான் சொல்வான். இறங்கும் ஸ்டேஷன் பேர் அதுதானே என்று மனசாட்சிக்கு ஒரு சமாதானமும் வைத்திருப்பான். பேராசிரியை, வசதியான தமிழர்கள் வாழும் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவே அங்கேதான் பிறந்தாராம். பேராசிரியை ஒரு நாளும் என்னைத் தாழ்த்திப் பேசியதில்லை. யாரும் தாழ்த்தாமலே நானாகக் குனிந்துகொண்டிருந்தேன்.

மச்சான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் வந்தவர். அலுமினியத் தகட்டிலிருந்து விளக்கு ஷேடு செய்வார். கடைகளிலும் பில்லியர்ட்ஸ் மேசைக்கு மேலும் தொங்குமே, உள்ளே வெள்ளை, வெளியே பச்சை, அதுதான். லேத்தில் மர அச்சைச் சுழலவிட்டு, வட்டத் தகட்டை அதன்மேல் நீண்ட கம்பியால் அமுக்கி அமுக்கி வளைப்பார். தகடு கசங்காமல் துணி போல அச்சில் படிந்துவிடும். நான் கொடுத்த வரைபடத்தை அவர் ஐந்து நிமிடம் பார்த்தார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, வரைபடம் படிக்கத் தெரியும். ஆறு திருகு போதுமா, இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒளி ஒழுகாதா என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கே தோன்றியிருக்கவில்லை. எட்டுத் திருகு போட்டார்.

பூச்சுதான் முக்கியம். வயிற்றை எக்ஸ்ரே எடுக்கும் முன் குடிக்கக் கொடுப்பார்களே, அந்தப் பேரியம் சல்பேட் பொடி. அதைச் சுத்தமானதாக ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்து, பசையும் தண்ணீரும் கலந்து, மச்சானின் ஸ்பிரே கன்னால் அடித்துக் காயவைத்து, மறுபடி அடிக்க வேண்டும். பத்து கோட். ஒவ்வொரு கோட்டுக்கும் நான் பக்கத்தில் நின்று நச்சரித்தேன். வெள்ளையாக இருக்க வேண்டும், சுத்தமான வெள்ளை, பட்ட வெளிச்சத்தைச் சுவர் துளிகூட விழுங்கக் கூடாது. இதையே நூறு தடவை சொல்லியிருப்பேன். பத்தாவது கோட்டுக்கு முன் எனக்கு ஒரு கருத்தரங்கு வந்துவிட்டது. மச்சானையே அடித்துவைக்கச் சொல்லிவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது கோளம் தயாராக இருந்தது. அவர் இரண்டு பாதியையும் வெயிலில் கொண்டுபோய்த் திறந்து காட்டினார்.

“கடைசி கோட்டு நம்ம கைவேல மாப்ள. எப்படி இருக்குன்னு பாரு.”

கண் கூசியது. அப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்ததில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு ரயிலைப் பிடிக்கப் போனேன். கைவேலை என்றால் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

முதல் நாள் அளந்தபோது விடை பூஜ்யத்துக்குக் கீழே வந்தது. ஏதோ கழித்தல் தப்பு என்று சிரித்துக்கொண்டேன். இரண்டாம் நாளும் அப்படியே. கரைசலைக் கொஞ்சம் அடர்த்தியாக்கினால் எண் இன்னும் கீழே போனது. அதாவது என் கணக்குப்படி, என் படிகங்கள் ஒளியைத் தராதது மட்டுமல்ல, இருந்த ஒளியையும் பிடுங்கித் தின்றன. அதே குப்பியை வெளியே எடுத்துக் கை விளக்கைக் காட்டினால் ஆரஞ்சாகத் தகதகவென்று நிற்கும். கோளத்துக்குள் வைத்து மூடினால் தண்ணீரைவிட மங்கல். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பேராசிரியை குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

“மைனஸ் நாலா? எஃபிஷியன்ஸி எப்டிப்பா நெகட்டிவ்ல போறது? தண்ணி உன்னோட கிரிஸ்டலை ஜெயிச்சுண்டிருக்கே.”

மலேரியா மருந்தான குயினைனைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். குயினைன் கரைசல் எவ்வளவு ஒளிரும் என்று ஊருக்கே தெரியும். அதை அளந்தால் கருவி சரியா தப்பா என்று தெரிந்துவிடும். போட்டேன். அதுவும் இருக்க வேண்டியதைவிடக் குறைவாகவே வந்தது. திங்கட்கிழமை ஒரு அளவு குறைவு, அடர்த்தியை மாற்றினால் செவ்வாய்க்கிழமை வேறு அளவு குறைவு. ஒரே மாதிரி தப்பினாலாவது ஒரு எண்ணால் பெருக்கிச் சரிக்கட்டலாம். அந்தக் கருணைகூட இல்லை.

அதன்பிறகு நான் செய்யாதது இல்லை. விளக்கை மாற்றினேன். வடிகட்டிக் கண்ணாடியே ஒளிர்கிறதோ என்று அதை மாற்றினேன். தண்ணீரை மூன்று தடவை காய்ச்சி வடித்தேன். குவார்ட்ஸ் குப்பியை அமிலத்தில் கழுவினேன், பிறகு அதன்மேலும் சந்தேகம் வந்து வேறொருவருடைய குப்பியைக் கெஞ்சி வாங்கினேன். வெளி வெளிச்சம் ஒழுகுகிறதோ என்று கோளத்தைக் கறுப்புத் துணியால் சுற்றி, அதன்மேல் இன்னொரு துணி சுற்றினேன். மச்சான் போட்ட எட்டுத் திருகில் ஒரு துளிகூட ஒழுகவில்லை. அளக்கும் குழாயில் பிசகு என்று முடிவு கட்டி எலெக்ட்ரானிக்ஸ் பிரிவுக்கு மூன்று கடிதம் எழுதினேன். டிசம்பர் போனது, ஜனவரி போனது. ரயிலில் பக்கத்தில் நிற்கிறவர் தோள் பட்டால்கூட எரிந்து விழுந்தேன். அக்கா சோறு போட்டுக்கொண்டே, என்ன ஆச்சு என்று கேட்டால், ஒன்றுமில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு ஏணியில் ஏறிவிடுவேன்.

கோளத்தின் உள்பக்கத்தை மட்டும் நான் பார்க்கவில்லை. விளக்கு எரியும்போது கோளத்தைத் திறக்கக் கூடாது என்பது இருட்டறையின் முதல் சட்டம். திறந்தால் அளக்கும் குழாய்க்குள் வெளிச்சம் மொத்தமாகப் பாய்ந்து அது செத்துவிடும். அதனால் விளக்கை அணைத்துவிட்டுத் திறப்போம், குப்பியை மாற்றுவோம், மூடிவிட்டு விளக்கைப் போடுவோம். புற ஊதாவில் அந்தச் சுவர் எப்படி இருக்கிறது என்று பார்த்த கண் கிடையாது.

பேராசிரியைக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே பூச்சின்மேல் ஒரு கண். அந்த ஒர்க்‌ஷாப்காரரைக் கூட்டிவா, எப்படிப் பூசினார் என்று நானே கேட்கிறேன் என்றார். மச்சான் வந்தால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். வாசலிலேயே செக்யூரிட்டியிடம், எங்க மாப்ள இங்கதான் விஞ்ஞானி என்று பெருமையாகச் சொல்வார். ஐந்து நிமிடத்தில் என் சயான் தாராவிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன். மூன்று வாரம் கழித்து மறுபடி கேட்டார். அவருக்கு ஹிந்தி சரியாக வராது மேடம் என்றேன். அப்படியானால் என்ன பாஷை என்றார். தமிழ் என்று வாயிலிருந்து வந்துவிட்டது. தமிழ்க்காரரா, அப்போ ரொம்ப சௌகரியமாகப் போச்சே, நானே பேசிக்கறேன் என்று சந்தோஷப்பட்டார். மூன்றாவது தடவை, பட்டறையைக் கோவண்டிக்கு மாற்றிவிட்டார், விலாசம் தெரியவில்லை என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அந்தப் பூசணிக்காய் தினமும் எனக்கு எதிரே உட்கார்ந்து கோழிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

வீட்டிலாவது நான் கேட்டிருக்கலாம். அதுவும் கேட்கவில்லை. கேட்டால் கோளத்தில் குறை என்று ஆகும், மச்சானின் முகம் வாடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அலுமினியம் வளைக்கிறவருக்கு என் சிக்கலில் சொல்ல என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணம்தான். படித்த திமிர்.

பிப்ரவரி நடுவில் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவுக்குக் கடைசியில் மனம் இரங்கியது. அளக்கும் குழாயைப் பரிசோதிக்கக் கழற்றிக்கொண்டு போனார்கள். அன்று இருட்டறையில் எனக்கு வேலையே இல்லை. சும்மா இருக்க மனமில்லாமல் கோளத்தைத் துடைத்து வைக்கலாம் என்று போனேன். விளக்கு சூடாகட்டும் என்று பழக்கத்தில் அதைப் போட்டுவிட்டேன். குழாய்தான் இல்லையே, இன்று சட்டம் ஏது? எட்டுத் திருகையும் கழற்றி மேல் பாதியைத் தூக்கினேன்.

கோளத்தின் உள்பக்கம் முழுக்க நீலமாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. நிலா வெளிச்சம் போல மென்மையாக, சீராக, ஒரு திட்டுகூட இல்லாமல். நான் மேல் பாதியைக் கையில் பிடித்தபடி நின்றேன். அப்போது என் சட்டைக் கை கண்ணில் பட்டது. இருட்டறையில் நாங்கள் சட்டைக்கு மேல் நீலக் கோட்டு போட்டுக்கொள்வோம். வெளுத்த சட்டை புற ஊதாவில் பளீரென்று ஒளிரும், அளவைக் கெடுக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அன்று அளவு இல்லாததால் கோட்டு போடவில்லை. அக்கா துவைத்த வெள்ளைச் சட்டை. அதன் கையிலும் கோளத்தின் சுவரிலும் ஒரே நீலம், கொஞ்சமும் வித்தியாசமில்லாத நீலம்.

அக்கா வெள்ளைத் துணிக்கென்று ஒரு பொடி வைத்திருந்தாள். கடைசி அலசலில் வாளித் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டு முக்கி எடுப்பாள். அந்தப் பொடி அழுக்கை எடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை விழுங்கி, நீல ஒளியாகத் திருப்பித் தரும். துணியின் மஞ்சள் மறைந்து பளிச்சென்று தெரியும். நான் துகள்களைத் தட்டிக் கொட்டி ஐந்து வருடமாகச் செய்ய முயன்ற அதே வேலை. அதை அவள் ஒரு சிட்டிகையில் செய்துகொண்டிருந்தாள்.

நான்கு மாதமும் அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. தண்ணீர் புற ஊதாவைத் தொடாது. அதனால் தண்ணீர்க் குப்பி உள்ளே இருக்கும்போது புற ஊதா முழுவதும் சுவருக்குப் போய், சுவர் நன்றாக ஒளிர்ந்தது. என் படிகம் உள்ளே வந்ததும் புற ஊதாவை விழுங்கியது, சுவருக்குக் கிடைத்தது குறைந்தது, சுவர் மங்கியது. நான் இத்தனை நாளும் அளந்தது படிகத்தை அல்ல, சுவரை. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, நான் பயிரின்மேல் பிராது கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மதியமே கிளம்பிவிட்டேன். குர்லாவில் வண்டி மாறி சயானில் இறங்கி, பட்டறைக்குள் நுழையும்போது எனக்குக் கண்மண் தெரியவில்லை. மச்சான் லேத்தின் முன் நின்றிருந்தார். பெயின்ட் கலக்கும் மூலையில், டர்பன்டைன் டப்பாவுக்குப் பக்கத்திலேயே அக்காவின் பொடி டப்பா இருந்தது. ஒளித்துக்கூட வைக்கவில்லை. ஒளிக்க என்ன இருக்கிறது? ஷேடு செய்கிற சந்து முழுக்க எல்லோரும் கடைசிக் கோட்டில் ஒரு சிட்டிகை போடுவார்களாம். ட்யூப்லைட் வெளிச்சத்தில் மற்றவன் ஷேடு மஞ்சளாகத் தெரியும், நம்முடையது வெள்ளையாகத் தெரியும். என் கோளத்தின் ஒன்பது கோட்டும் காய்ந்தபோது பசையால் லேசாகப் பழுப்பு ஓடியிருந்ததாம். மாப்பிள்ளை வெள்ளை வெள்ளை என்று உயிரை விடுகிறானே என்று, ஷேடுக்குப் போடுவதைவிட இரண்டு சிட்டிகை கூடவே போட்டிருக்கிறார்.

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று முழுதும் நினைவில்லை. என் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டீர்கள் என்று சொன்னது நினைவிருக்கிறது. கேட்காமல் எதற்குக் கையை வைத்தீர்கள் என்று கேட்டதும் நினைவிருக்கிறது. லேத் நின்றது. ஏணியடியில் அக்கா வந்து நின்றாள். மச்சான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். அவருக்குக் கோபம் வரவில்லை. நான் சொன்னதை யோசித்துப் பார்க்கிறவர் போல நின்றார்.

“நீ வெள்ளையா வேணும்னு கேட்ட. அது வெளிச்சத்த முழுங்கக் கூடாதுன்ன. வெளிச்சத்தத் தரக் கூடாதுன்னு எப்பம் மாப்ள சொன்ன?”

நூறு தடவை சொன்னதில் ஒரு தடவைகூட அதைச் சொல்லவில்லை. சுவர் விழுங்கவும் கூடாது, சேர்க்கவும் கூடாது என்பதுதான் பாடம். பாதிப் பாடத்தை அவருக்குச் சொல்லிவிட்டு, முழுப் பாடத்துக்கும் மார்க் போட வந்து நின்றேன்.

அவர் கோளத்தை எப்போது கொண்டுவருவாய் என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் பேராசிரியையிடம் சொன்னேன். பூச்சில் சலவை வெளுப்புப் பொடி கலந்துவிட்டது என்றேன். யார் கலந்தார், எதற்காகக் கலந்தார் என்று கேட்டார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார், பிறகு மச்சானைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருப்பார். நான் சொன்னது வேறு. ஒர்க்‌ஷாப்காரர் படிக்காத ஆள் மேடம், தெரியாமல் ஏதோ செய்துவிட்டார் என்றேன். சொன்ன வாய் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அவர் குறிப்பேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“அவருக்குத் தெரியாது, சரி. உனக்குத் தெரியுமே. நாலு மாசமா நீ ஏன் போய்க் கேக்கலை?”

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மார்ச் கடைசிக்கு ஆறு வாரம் இருக்கிறது, போய் வேலையைப் பார் என்றார்.

மச்சான் பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்தார். அலுமினியம் வெறுமையாகும் வரை சுரண்டி, அமிலம் தடவி, கழுவி, மறுபடி கழுவினார். ஸ்பிரே கன் பழையதில் பொடி ஒட்டியிருக்கும் என்று புதிதாக ஒன்று வாங்கிவந்தார். ஐந்து நாள் பட்டறையில் ஒரு ஷேடும் ஓடவில்லை. ஒவ்வொரு கோட்டுக்குப் பிறகும் நான் கொண்டுவந்த கை விளக்கைக் காட்டி, கதவைச் சாத்திவிட்டு இருவரும் தலையை உள்ளே விட்டுப் பார்ப்போம். நீலம் தெரியவில்லை என்றால்தான் அடுத்த கோட். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க ஒவ்வொரு கோட்டின்போதும் வாயெடுத்தேன், ஒவ்வொரு கோட்டின்போதும் விளக்கைப் பற்றி ஏதாவது சொல்லி மழுப்பினேன். இந்தத் தடவை கோளம் வெயிலில் கண் கூசவில்லை. சற்றே சோகையாகத்தான் இருந்தது. மச்சான் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இதற்கா இவ்வளவு பாடு என்று நினைத்திருப்பார்.

கோளம் சரியாக வேலை செய்தது. முதல் நாளே குயினைன் தன் சரியான எண்ணைக் காட்டியது. பிறகு என் படிகங்களைப் போட்டேன். நூற்றுக்கு மூன்று. குறைந்தது பத்து வரும் என்று கனவு கண்டிருந்தேன். தகதகவென்று கண்ணில் நின்ற அந்த ஆரஞ்சு, தான் தின்றதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழைச் சூடாகத்தான் தொலைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் அது உண்மையான எண், பூஜ்யத்துக்கு மேலே இருந்த எண். மார்ச் கடைசி வாரத்தில் கடைசி அத்தியாயம் டைப்பிஸ்ட்டிடம் போனது. பூச்சு நீக்கப்பட்டு மறுபடி பூசப்பட்டது என்று ஒரே வரியில் நான்கு மாதத்தையும் முடித்துவிட்டேன். எனக்குப் பட்டம் கிடைத்தது. விக்ரோலிக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

ஆய்வேடு பைண்டாகி வந்ததும் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா அட்டையிலிருந்த பொன் எழுத்தைத் தடவிப் பார்த்தாள். மச்சான் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து வாங்கினார். பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டே போய், கோளத்தின் படம் வந்ததும் நிறுத்தினார். கட்டை விரலால் திருகுகளை எண்ணினார்.

“ஆறுதான வரஞ்சிருக்கு. நான் எட்டுல்லா போட்டேன்.”

பழைய வரைபடத்தையே கொடுத்துவிட்டேன், கவனிக்கவில்லை என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு படத்தைச் சுற்றியிருந்த எழுத்தையெல்லாம் விரலால் தடவிக்கொண்டே, செஞ்சவன் பேரு எங்கன போட்டிருக்கு மாப்ள என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

இந்த மாதிரிப் புத்தகத்தில் கருவி செய்தவர்கள் பெயரைப் போடும் வழக்கம் கிடையாது என்றேன். சரிதான், நம்ம ஷேடுல மட்டும் எவன் பேரப் போடுதான் என்று சொல்லிவிட்டு, அழுக்குப் படாமல் அதைப் பழைய துணியில் சுற்றி அலமாரி மேல்தட்டில் வைத்தார்.

அந்தப் புத்தகத்தின் மூன்றாம் பக்கம் முழுக்க நன்றிதான். கண்ணாடிக் குப்பி ஊதிக் கொடுத்தவருக்குப் பெயர் சொல்லி நன்றி. படம் எடுத்தவருக்கு நன்றி. டைப் அடித்தவருக்கு நன்றி. அளக்கும் குழாயைக் கழற்றிக்கொண்டு போய், அதில் ஒரு கோளாறும் இல்லை என்று திருப்பிக் கொடுத்த எலெக்ட்ரானிக்ஸ்காரருக்கும் நன்றி. மச்சான் படத்துக்குப் போகிற வழியில் அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாதது அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.